அந்த ரேடியோ அறையை மூடாதீர்கள்: எங்கள் பகுதிப் பேரிடர் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

பள்ளிக்கூட மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் ரேடியோ அறையைக் காலி செய்வது, ஆண்டெனா கம்பத்தை இறக்குவது, பேட்டரிக்கும் கேபிளுக்கும் ஆண்டுதோறும் தந்துவந்த சிறு தொகையை நிறுத்துவது, பேரிடர் திட்ட ஏட்டிலிருந்து ஹாம் ரேடியோ (உரிமம் பெற்ற தனிமனிதர்கள் சம்பளமில்லாமல் ஆர்வத்தால் இயக்கும் அமெச்சூர் ரேடியோ, இயக்குகிறவரையும் ஹாம் என்பார்கள்) பற்றிய பக்கத்தை எடுத்துவிடுவது என்று போன கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறீர்கள். என் கைக்கு வந்த தாளில் காரணம் இரண்டே வரிதான். மண்டபக் கூரையில் செயற்கைக்கோள் இணைய டிஷ் வைத்தாயிற்று, ஊருக்குள் செல்போன் கோபுரமும் இருக்கிறது, ஆகவே பழைய சாதனங்கள் இனி தேவையில்லை. அந்த அறையை நாற்பது வருடத்துக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு வருகிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த ஆட்சேபணைக்கும் பதில் இல்லை. அதனால்தான் இப்போது எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களும் படிக்கட்டும், ஏனென்றால் நான் சொல்லப்போகிற பல விஷயங்களை அவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

வெளியூரில் இருந்து படிப்பவர்களுக்காக என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபிஜியின் பெரிய தீவான வீத்தி லேவுவின் வட கரையில் பிறந்து அங்கேயே வாழ்கிறவன். தென்னிந்தியர்களை 1903-லிருந்து கிர்மிட் என்று சொல்லப்பட்ட கூலி ஒப்பந்தத்தில் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றினார்களே, அப்படி மதராஸிலிருந்து வந்த ஒருவருடைய பேரன். கரும்பாலையில் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தேன். 1972 அக்டோபரில் பெபே புயல் வந்தபோது பள்ளி மாணவன். ஊரில் தந்திக் கம்பி எல்லாம் அறுந்து கிடக்க, ஆலையில் இருந்த ஒரு நியூசிலாந்துப் பொறியாளர் தன் வீட்டு வராந்தாவில் வால்வு செட்டை வைத்துக்கொண்டு தலைநகர் சுவாவோடும் நியூசிலாந்தின் ஆக்லாந்தோடும் பேசிக்கொண்டிருந்தார். அவரிடம்தான் மோர்ஸ் கற்றேன், தேர்வு எழுதினேன், ஃபிஜி நிலையங்களுக்குரிய 3டி2 என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கினேன். என் தமிழ் இந்த அளவுக்காவது மிஞ்சியிருப்பதும் ரேடியோவால்தான். 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை தூர நாடுகளுக்குத் திறந்திருக்கும் நேரத்தில் 11,000 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருந்த நண்பர்களோடு வருடக்கணக்காகத் தமிழில் பேசியிருக்கிறேன். ஆனால் இந்த மடல் என் நினைவுகளுக்காக எழுதப்படுவதில்லை. அந்த அறை என்னுடையது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, ஊருடையது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2016 பிப்ரவரி 20, சனிக்கிழமை மாலை. வின்ஸ்டன் புயல் நம் கரையில் ஏறியபோது காற்று மணிக்கு 230 கிலோமீட்டர். நாடு முழுவதும் 44 பேர் இறந்தார்கள். நம் ஆலை அன்றைக்குச் சேதமானதுதான், பிறகு அது திறக்கவே இல்லை. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்களும் அந்த இரவில் எங்கேயோ ஒரு மேசைக்கு அடியில் குழந்தைகளை அணைத்துக்கொண்டு இருந்தவர்கள்தான். ஆனால் மறுநாள் காலையில் தகவல் தொடர்பு எந்த நிலையில் இருந்தது என்பதை உங்களில் எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குச் சந்தேகம். செல்போன் கோபுரம் விழவில்லை, நின்றுகொண்டுதான் இருந்தது. மின்சாரம் போனதும் அதன் பேட்டரி சில மணி நேரம் தாங்கியது, அப்புறம் செத்துவிட்டது. ஜெனரேட்டருக்கு டீசல் வர வேண்டிய சாலையில் மரமும் மின்கம்பமும் கூரைத் தகடும் கிடந்தன. தரைவழித் தொலைபேசியும் இல்லை.

என் கம்பமும் அன்றைக்கு விழுந்துவிட்டது. ஆனால் உள்ளே ஒரு கோணிப் பையில் 20 மீட்டர் செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தேன். ஒரு முனையை முறிந்த மாமரத்தின் அடித்தண்டில், மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்டில் கட்டினோம், ஓர் ஆள் கையைத் தூக்கினால் தொடுகிற உயரம்தான். கரும்பு லாரி ஒன்றின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்து தந்தார் பக்கத்து வீட்டுக்காரர். 7 மெகாஹெர்ட்ஸில் அழைத்தபோது முதலில் பதில் வந்தது சவுசவு விரிகுடாவில் நங்கூரமிட்டிருந்த ஒரு பாய்மரப் படகிலிருந்து, அப்புறம் சுவாவில் இருந்த ஒரு நண்பரிடமிருந்து. அதற்குள் சுகாதார நிலையத்து நர்ஸ் அம்மா ஓடி வந்துவிட்டார். குளிர்பதனப் பெட்டி நின்றுபோய் இன்சுலின் கெட்டுக்கொண்டிருக்கிறது, டெட்டனஸ் ஊசி போதாது, தகடு கிழித்த காயங்கள் வந்துகொண்டே இருக்கின்றன, கட்டுத்துணி இல்லை. அவர் ஒரு நோட்டுப் புத்தகத் தாளில் எழுதித் தந்ததை நான் எழுத்து எழுத்தாகப் படித்தேன், சுவா நண்பர் திருப்பிப் படித்துக் காட்டினார், அளவுகளை இரண்டு முறை சரிபார்த்தோம். சுவா நண்பர் தான் எழுதிக்கொண்ட தாளை எடுத்துக்கொண்டு காரில் போய் உரியவர்களிடம் நேரில் கொடுத்தார். மருந்து வந்து சேர்ந்தது. அந்த நர்ஸ் அம்மா இன்றும் நம் ஊரில்தான் இருக்கிறார், நீங்கள் அவரையே கேட்டுப் பார்க்கலாம்.

அதற்கு அடுத்த நாட்களில் வந்து வரிசையில் நின்றவர்கள் வேறு. 1987 ராணுவப் புரட்சிகளுக்குப் பிறகு நம் வீடுகளில் பாதிப் பிள்ளைகள் ஆக்லாந்திலும் சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு 'உயிரோடு இருக்கிறோம்' என்று சொல்ல வேண்டும். ஓர் அம்மாவுக்கு மகனுடைய எண் நினைவில் இல்லை, சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் எழுதி வைத்திருந்தாராம், சுவரே இல்லை. மகன் எந்தப் பேட்டையில் இருக்கிறான், என்ன வேலை செய்கிறான் என்று மட்டும் தெரியும். அதை ஆக்லாந்தில் உள்ள ஹாம் ஒருவரிடம் சொன்னேன், அவர் அந்த வேலையிடத்தைத் தேடிப் பிடித்துப் பையனை ரேடியோவுக்குப் பக்கத்திலேயே கூட்டிவந்து உட்கார வைத்தார். அந்த அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசவே இல்லை, அழுதுகொண்டே இருந்தார். அந்தப் பக்கம் பையன் "அம்மா, பட்டனை விடுங்கள், அப்போதுதான் நான் பேசுவது கேட்கும்" என்று சொல்லச் சொல்ல, இவர் கை பட்டனை விட்டபாடில்லை. நான்தான் மெல்ல விரலை எடுத்துவிட்டேன்.

இப்போது டிஷ் இருக்கிறதே என்று கேட்கிறீர்கள். டிஷ் வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லவில்லை. அதைக் கூரையில் பொருத்தியபோது கேபிள் இழுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். நல்ல சாதனம், தாராளமாக இருக்கட்டும். ஆனால் அது வேலை செய்வதற்கு என்னவெல்லாம் வேண்டும் என்று யாராவது உட்கார்ந்து எழுதிப் பார்த்தீர்களா? கூரை இருக்க வேண்டும், முதலில். ஐம்பது வாட்டுக்கு மேல் தொடர்ந்து மின்சாரம் வேண்டும். மாதக் கட்டணம் நிலுவையில்லாமல் இருக்க வேண்டும். வேறெங்கோ உள்ள தரை நிலையமும், அதற்குப் பின்னால் உள்ள கணினிகளும் சரியாக இருக்க வேண்டும். 2025 ஜூலை 24 அன்று ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணையச் சேவை இரண்டரை மணி நேரம் போல உலகின் பல பகுதிகளில் ஒரே சமயத்தில் நின்றது, உள் மென்பொருள் பழுது என்று அந்த நிறுவனமே சொன்னது. அன்று வானிலை தெளிவாக இருந்த ஊர்களிலும் நின்றது என்பதைக் கவனியுங்கள். புயல் நேரத்தில் அப்படி ஓர் இரண்டரை மணி நேரம் வந்தால் நம் மண்டபத்தில் உள்ளவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு உங்கள் தாளில் பதில் இல்லை.

கடலடிக் கேபிளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பசிபிக்கில் கேபிள் அறுவது புதிதில்லை. 1902-இல் கனடாவிலிருந்து ஃபேனிங் தீவு வழியாக சுவாவுக்குத் தந்திக் கேபிள் வந்தது, 1914 செப்டம்பரில் ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று ஃபேனிங்கில் இறங்கி அதை வெட்டிவிட்டுப் போனது. அது போர். 2022 ஜனவரி 15 அன்று போர் ஏதும் இல்லை. ஹுங்கா டோங்கா ஹுங்கா ஹாஅபாய் எரிமலை வெடித்தது, டோங்காவை நம் ஃபிஜியோடு இணைக்கும் கேபிள் கடலடியில் நார்நாராகப் போனது, சரிசெய்து முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. டோங்காவின் தீவுகளுக்குள் ஓடும் உள்நாட்டுக் கேபிள் திரும்ப வர ஒரு வருடத்துக்கும் மேல். வெடிச் சத்தம் நம் ஊரிலும் கேட்டது, நினைவிருக்கிறதா? அன்று இரவு முழுக்க ரேடியோவைத் திருகிக்கொண்டு இருந்தேன். டோங்காவுக்குரிய ஏ3 என்று தொடங்கும் அழைப்புக்குறியில் ஒரு குரலாவது கேட்குமா என்று. எனக்குக் கேட்கவில்லை. நூறு தீவுகளுக்கு மேல் உள்ள ஒரு நாட்டில் அன்றைக்குக் குறுஅலையில் உட்கார ஆட்கள் இன்னும் சிலர் இருந்திருந்தால் என்று நினைத்து நினைத்து மனசு ஆறவில்லை. நாம் ஏன் அந்த நிலைக்குப் போக வேண்டும்?

ரேடியோவுக்கு என்ன வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், குழுவில் பலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். ஒரு 100 வாட் டிரான்சீவர் (அனுப்பவும் கேட்கவும் ஒரே செட்), ஒரு கார் பேட்டரி, 20 மீட்டர் கம்பி. கேட்டுக்கொண்டிருக்கும்போது பதினைந்து வாட் போல எடுக்கும், பேசும்போது மட்டும்தான் அதிகம். கம்பியைத் தாழக் கட்டினால் அலை நேராக மேலே போகும், 200, 300 கிலோமீட்டர் உயரத்தில் அயனி மண்டலம் அதைத் திருப்பிக் கீழே விடும், சுற்றிலும் சில நூறு கிலோமீட்டருக்கு மழை போல விழும். நமக்குப் பின்னால் உள்ள மலை அதை மறைக்காது. 300-க்கும் மேற்பட்ட தீவுகள் சிதறிக் கிடக்கிற இந்த நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. பகலில் 7 மெகாஹெர்ட்ஸ், இருட்டிய பிறகு 3.5. இடையில் கோபுரம் இல்லை, நிறுவனம் இல்லை, கணக்கு எண் இல்லை. அதோடு, ஒருவர் பேசினால் கோரோவிலும் தவேயூனியிலும் லாவ் தீவுகளிலும் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கலாம், தொலைபேசியில் அது நடக்காது. 1993 ஜனவரியில் கினா புயல் வெள்ளம் பா பாலத்தையும் சிங்காதோகா பாலத்தையும் அடித்துக்கொண்டு போனபோது எந்தச் சாலை எங்கே துண்டானது என்பதை இப்படித்தான் ஒருவர் சொல்ல நாங்கள் பலர் ஒரே சமயத்தில் எழுதிக்கொண்டோம்.

கூட்டத்தில் ஒருவர் "அது ஒரு பெரியவருடைய பொழுதுபோக்கு" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். யார் என்று கேட்கப்போவதில்லை. ஆனால் அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிடவும் முடியவில்லை. ஆமாம், நாங்கள் அமெச்சூர்கள், சம்பளம் வாங்குவதில்லை, எங்கள் உரிமமே காசு வாங்கிக்கொண்டு செய்தி அனுப்பக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஐம்பது பேர் போல வாழும் பிட்கெர்ன் தீவுக்கு 1938-இல் அமெரிக்க ஹாம்கள்தான் நிலையம் அமைக்கச் சாதனம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிறகு பல பத்தாண்டுகள் டாம் கிறிஸ்டியன் என்ற மனிதர் விஆர்6டிசி என்ற அழைப்புக்குறியில் அந்தத் தீவின் குரலாகவே இருந்தார். 2013-இல் காலமான அவரோடு பேசியதற்கு அத்தாட்சியான அட்டை என்னிடம் இருக்கிறது. 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது அந்தமானில் போர்ட் பிளேரில் பாரதி பிரசாத் என்ற இந்திய ஹாம் பெண்மணி ஒரு குழுவோடு இருந்தார். வேறு காரியமாக, அரிய இடத்திலிருந்து உலகத்தோடு தொடர்பு கொள்ளும் ஆர்வத்தில் போனவர்கள்தான். சுனாமி அடித்ததும் அதே சாதனங்களை வைத்துக்கொண்டு தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தினார்கள். பொழுதுபோக்காகத் தினமும் செட்டைத் திருகுகிறவனுக்குத்தான் அவசர நாளில் எந்த அலைவரிசை எந்த மணிக்குத் திறக்கும் என்று யோசிக்காமலே கை போகும். அலமாரியில் பூட்டி வைத்த செட்டைப் புயலன்று எடுத்துப் பழகிக்கொள்ள முடியாது.

பன்னாட்டு விதியும் இதைத்தான் சொல்கிறது. 2003-இல் ஜெனிவாவில் நடந்த உலக வானொலி மாநாடு வானொலி விதிகளின் 25-ஆம் பிரிவைத் திருத்தியபோது, அமெச்சூர் நிலையங்கள் பேரிடர்க் காலத் தொடர்புக்குத் தயாராக இருக்க வழி செய்யும்படி நாடுகளை ஊக்கப்படுத்தியிருக்கிறது. நீங்கள் எடுத்திருக்கும் முடிவு அதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது.

பராமரிப்புச் செலவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொகை ஒரு நடுத்தர செல்போன் விலைக்குக் கூட வராது. கடலோரத்தில் உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. கேபிள் நுனியில் உள்ள கனெக்டரைத் திறந்தால் செம்பு பச்சையாகப் பூத்திருக்கும், பின்னல் கருகி உதிரும். மழைக்காலத்துக்கு முன் ஒவ்வொரு இணைப்பாகத் திறந்து, சுரண்டி, புதிதாகப் பற்றவைத்து, ரப்பர் டேப் சுற்றி மூடுகிறேன். பேட்டரியைச் சோலார் தகட்டில் மாட்டிச் சரிபார்க்கிறேன். இதற்கு யாரிடமும் கூலி கேட்டதில்லை. கேட்பதெல்லாம் கேபிளும் பேட்டரியும்தான்.

எனக்கு உண்மையில் தூக்கம் வராமல் செய்வது கம்பம்கூட இல்லை. என்னோடு 7 மெகாஹெர்ட்ஸில் காலை வணக்கம் சொன்னவர்களில் பலர் புலம்பெயர்ந்துவிட்டார்கள், பலர் இறந்துவிட்டார்கள். எனக்கும் வயதாகிறது. நம் பள்ளியில் பத்தாம், பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் சாயங்காலம் அந்த அறைக்கு வருகிறார்கள். பக்கத்து ஃபிஜியன் கிராமத்து துராங்கா நி கோரோ, அதாவது ஊர்த்தலைவர், தன் மகளையே அனுப்பி வைக்கிறார். அந்தப் பெண் தானே சாலிடர் பண்ணிய கம்பியில் ரொட்டுமா தீவைப் பிடித்தாள், 500 கிலோமீட்டருக்கு மேல். மோர்ஸ் கட்டாயம் என்ற பன்னாட்டு விதியும் அதே 2003 மாநாட்டில் போய்விட்டது, இனி அவர்களுக்குத் தடையாக இருப்பது இங்கே தேர்வு நடத்த யாரும் முன்வராததுதான். தேர்வு இல்லாமல் உரிமம் இல்லை, உரிமம் இல்லாமல் அவள் தனியாக மைக்கைத் தொட முடியாது. இந்த நேரத்தில் அறையையும் மூடினால் எனக்குப் பிறகு இந்தக் கரையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். செட்டை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். ஆளை உருவாக்கப் பல வருடம் ஆகும்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். கம்பத்தை இறக்கும் வேலையையும் அறையைக் காலி செய்வதையும் உடனே நிறுத்தி வையுங்கள். குறைந்தபட்சம் இந்த நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிற புயல் பருவம் கழியும் வரைக்கும் எதையும் தொடாதீர்கள்.

அதற்கு முன் ஒரு நாள் ஒத்திகை வையுங்கள். மண்டபத்தின் மின்சாரத்தை நிறுத்துங்கள், டிஷ்ஷைக் கழற்றி வையுங்கள், எல்லோருடைய செல்போனையும் அணைக்கச் சொல்லுங்கள், மருந்துப் பட்டியல் ஒன்றைச் சுவாவுக்கு அனுப்பிப் பதில் வாங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று குழுவே கடிகாரத்தோடு உட்கார்ந்து பார்க்கட்டும். நானும் அந்தப் பிள்ளைகளும் தயார், தேதியை நீங்கள் குறியுங்கள்.

திட்ட ஏட்டில் ஹாம் ரேடியோ பக்கத்தைத் திரும்பச் சேருங்கள். நம் வட்டாரத்துக்கு அவசர மையமாகக் குறிக்கப்பட்ட 3.600, 7.110 மெகாஹெர்ட்ஸையும் உலகப் பொதுவான 14.300-ஐயும் அதில் எழுதுங்கள். செயற்கைக்கோள் இணைப்பு முதல் வழி, குறுஅலை இரண்டாவது வழி என்று வரிசைப்படுத்தினாலும் எனக்குச் சம்மதம்.

பேட்டரிக்கும் கேபிளுக்கும் உள்ள தொகையைத் தொடருங்கள். முடியாது என்றால் அதையாவது எழுத்தில் சொல்லுங்கள், ஊரில் வசூல் செய்துகொள்கிறோம், இடத்தை மட்டும் பிடுங்காதீர்கள்.

உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குக் குழுவின் பெயரில் ஒரு கடிதம் எழுதி, அடுத்த பள்ளி ஆண்டு முடிவதற்குள் நம் பகுதியிலேயே அமெச்சூர் தேர்வு ஒன்று நடத்தக் கேளுங்கள். தனி ஆளாக நான் எழுதியதற்குப் பலன் இல்லை, குழு எழுதினால் மதிப்பார்கள்.

கடைசியாக, அடுத்த கூட்டத்துக்கு என்னையும் அந்த நர்ஸ் அம்மாவையும் கூப்பிடுங்கள். அரை மணி நேரம் போதும். கூட்டத் தேதிக்கு முன்பே எழுத்து மூலம் பதில் வேண்டும், இந்த மடலுக்குக் கீழேயே அதையும் வெளியிடுகிறேன்.

இப்படிக்கு,
வீத்தி லேவு வட கரையிலிருந்து ஒரு 3டி2 நிலையத்துக்காரன்